கிறிஸ்துகுல ஆசிரமம்: நோக்கங்களும் மரபுகளும்

கிறிஸ்துகுல ஆசிரமம் (1921) திருப்பத்தூரில் நிறுவப்பட்ட கிறிஸ்தவ சகோதரத்துவ அமைப்பு. இந்தியாவில் புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் உருவாக்கிய முதல் ஆசிரமமாகக் கருதப்படுகிறது. தமிழ் மருத்துவரான சவரிராயன் ஏசுதாசனும் ஸ்காட்லாந்து மருத்துவரான எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் இதன் நிறுவனர்கள். மணமாகாத சகோதரர்களின் கூட்டு வாழ்க்கை, கதராடை, சைவ உணவு, தமிழ் வழிபாடு, மருத்துவப் பணி ஆகியவை இதன் அடையாளங்கள். ஆளும் இனத்தவரும் ஆளப்படும் இனத்தவரும் ஒரே கூரையின் கீழ் சமமாக வாழ முடியுமா என்ற கேள்விக்கு விடையாகத் தொடங்கப்பட்ட முயற்சி இது.

பின்னணி: மிஷன் பங்களாவும் சேரியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் பணியாற்றிய புரொட்டஸ்டண்ட் மிஷன்களின் வாழ்க்கை முறை மிஷன் பங்களாவை மையமாகக் கொண்டிருந்தது. ஐரோப்பிய மிஷனரி பங்களாவில் வாழ்ந்தார். இந்தியப் போதகரும் உபதேசியாரும் அவரிடம் சம்பளம் பெறும் ஊழியர்களாக இருந்தனர். ஊதியம், வீடு, முடிவெடுக்கும் உரிமை ஆகிய மூன்றிலும் இரு தரப்புக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஸ்காட்லாந்தின் சுதந்திரத் திருச்சபையின் மிஷன் பணியாற்றியது. செங்கல்பட்டு நகரின் புனித கொலம்பா பள்ளி அம்மிஷன் விட்டுச்சென்ற கல்வி நிறுவனம். அம்மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ தலித் மக்களின் நிலமின்மையைப் பற்றித் தொடர்ந்து அரசிடம் முறையிட்டவர்களில் ஒருவர். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற அறிக்கையும் இக்காலத்தைச் சேர்ந்தது. இம்முயற்சிகளின் விளைவாக 1892ல் சென்னை மாகாண அரசு தலித் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணையை வெளியிட்டது. அந்நிலங்களே பின்னாளில் பஞ்சமி நிலம் என அழைக்கப்பட்டன. ஆண்ட்ரூ மெல்ரோசாபுரம், ஆண்ட்ரேயபுரம் ஆகிய குடியிருப்புகளை உருவாக்கி நிலமற்ற குடும்பங்களைக் குடியமர்த்தினார்.

இப்பணிகளின் சமூகப் பயன் பெரிது. ஆனால் இந்த அமைப்பில் மிஷனரி புரவலர், மக்கள் அவரது ஆதரவில் வாழ்பவர்கள் என்ற உறவே நீடித்தது. மிஷனரி பாதுகாத்தார், கற்பித்தார், வாதாடினார். உடன் பிறந்தவராக உடன் அமர்ந்து உண்பது வேறு விஷயமாகவே இருந்தது.

இதை உலக அரங்கில் வெளிப்படையாகச் சொன்னவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த இவர் 1905ல் செராம்பூரில் தோன்றிய தேசிய மிஷனரி சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். 1910ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசிய அசரியா, ஐரோப்பிய மிஷனரிகள் செய்த தியாகங்களை இந்தியத் திருச்சபை நன்றியுடன் நினைப்பதாகவும், அவர்களிடம் இனி எதிர்பார்ப்பது நட்பை மட்டுமே என்றும் கூறினார். அவ்வுரை மாநாட்டில் சலசலப்பை ஏற்படுத்தியது. 1912ல் அசரியா ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கிறிஸ்துகுல ஆசிரமம் அவர் எழுப்பிய கேள்வியின் தொடர்ச்சியாகத் தோன்றியது.

கிறிஸ்தவத் துறவற மரபும் புரொட்டஸ்டண்ட் தயக்கமும்

கத்தோலிக்கத் திருச்சபையில் சகோதரத்துவ அமைப்புகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரான்சிஸ்கன், டொமினிக்கன், கார்மேல், இயேசு சபை போன்ற துறவியர் அமைப்புகள் ஒருபுறம். இல்லறத்தார் சேர்ந்து ஜெபமும் அறப்பணியும் செய்யும் பொதுநிலையினர் சபைகள் மறுபுறம். 1833ல் பாரிஸில் தோன்றிய வின்சென்ட் தே பவுல் சபை, 1921ல் டப்ளினில் தோன்றிய மரியாயின் சேனை ஆகியவை இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. இவை தமிழகக் கத்தோலிக்கப் பங்குகளில் பரவலாகக் காணப்படுபவை.

புரொட்டஸ்டண்ட் மரபில் நிலைமை வேறு. மார்ட்டின் லூதர் துறவற வாக்குறுதிகளை விமர்சித்து 1521ல் ஒரு நூல் எழுதினார். சீர்திருத்தம் பரவிய நாடுகளில் மடங்கள் மூடப்பட்டன. ஸ்காட்லாந்தில் 1560ல் சீர்திருத்தச் சபை நிலைபெற்றபின் துறவற மரபு அற்றுப்போனது. செங்கல்பட்டுப் பள்ளிக்குப் பெயர் தந்த புனித கொலம்பா 563ல் பன்னிரண்டு தோழர்களுடன் அயோனா தீவில் குடியேறி மடம் அமைத்த துறவி. அவரது பெயரைப் பள்ளிக்குச் சூட்டிய ஸ்காட்லாந்து மிஷனின் சபையில் அவர் வாழ்ந்த வகையான சகோதரர் குழு அப்போது இருக்கவில்லை.

ஆங்கிலிகன் திருச்சபையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறவற அமைப்புகள் மீண்டும் தோன்றின. 1880ல் கல்கத்தாவில் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு மிஷன் அவ்வகையைச் சேர்ந்தது. ஆனால் அவற்றின் வடிவம் ஐரோப்பியத் துறவு மடங்களின் வடிவமே. இந்திய மரபிலுள்ள ஆசிரமத்தை வடிவமாக ஏற்ற முதல் புரொட்டஸ்டண்ட் குழு திருப்பத்தூரில் உருவானது.

நிறுவனர்கள்

சவரிராயன் ஏசுதாசன் (1882–1969) தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பிரிட்டனில் மருத்துவம் பயின்றவர். எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன் (1891–1970) ஸ்காட்லாந்தின் அலோவா நகரில் கம்பளி நூல் ஆலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பிரஸ்பிட்டேரிய மரபில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் படித்து மருத்துவரானார். பிரிட்டனில் ஏற்பட்ட இவர்களின் நட்பு இறுதிவரை நீடித்தது.

ஆசிரமத்தில் ஏசுதாசன் 'பெரியண்ணன்' என்றும் பேட்டன் 'சின்னண்ணன்' என்றும் அழைக்கப்பட்டனர். துரை, ஐயா, பாதிரியார் ஆகிய விளிகளுக்குப் பதிலாக இவை புழங்கின. ஒரு வெள்ளையர் இந்தியர் ஒருவருக்கு இளையவராக, தம்பியாகத் தன்னை வைத்துக்கொண்டது 1921ல் அரிதான நிகழ்வு. தமிழ்க் குடும்ப அமைப்பில் அண்ணன் என்ற சொல் உரிமையையும் பொறுப்பையும் ஒருங்கே குறிப்பது. அச்சொல்லின் வழியாக அதிகார வரிசை வயது வரிசையாக மாற்றப்பட்டது.

பெயர்

'கிறிஸ்துகுலம்' என்பது கிறிஸ்துவின் குடும்பம் என்று பொருள்படும். தமிழில் குலம் என்ற சொல் குடும்பம், மரபு, சாதி ஆகிய மூன்றையும் குறிக்கும். தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றில் சாதி தீராத சிக்கலாக இருந்துவந்தது. ஆலயத்தில் தனித்தனி இருக்கை, நற்கருணையில் முன்னுரிமை, தனிக் கல்லறை ஆகியவை பல இடங்களில் நீடித்தன. 1833ல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடுகளைக் கைவிட வேண்டுமென ஆணையிட்டபோது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் உள்ளிட்டோர் அதை எதிர்த்தனர். திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் இரு சாதியினரைப் பிரித்த சுவர் 1910ல்தான் இடிக்கப்பட்டது. இந்தச் சூழலில் பிறப்பால் வரும் குலத்தை விட்டு விருப்பத்தால் சேரும் குலம் என்ற கருத்தை இப்பெயர் முன்வைத்தது.

நோக்கங்கள்

கிறிஸ்துகுல ஆசிரமத்தின் நோக்கங்களை நான்காகத் தொகுக்கலாம்.

முதலாவது, இன வேறுபாடற்ற சகோதரத்துவம். இந்தியரும் ஐரோப்பியரும் ஒரே உணவு, ஒரே உடை, ஒரே வகைக் குடியிருப்பு ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வது. தனி ஊதியம் என்ற முறை இல்லை. தேவைகள் பொது நிதியிலிருந்து நிறைவேற்றப்பட்டன.

இரண்டாவது, இந்திய வாழ்க்கை முறையில் கிறிஸ்தவத்தை வாழ்ந்து காட்டுவது. கிறிஸ்தவராவது ஐரோப்பியராவது அல்ல என்று நிறுவ நிறுவனர்கள் விரும்பினர்.

மூன்றாவது, சேவை. நிறுவனர்கள் இருவரும் மருத்துவர்கள் என்பதால் மருத்துவமனை ஆசிரமத்தின் மையப் பணியானது. திருப்பத்தூரைச் சூழ்ந்த கிராமங்களின் ஏழை மக்கள் அங்கே மருத்துவம் பெற்றனர்.

நான்காவது, ஜெபமும் தியானமும். மிஷன் நிலையங்கள் நிர்வாகப் பணிகளில் மூழ்கிவிட்டதாக எழுந்த விமர்சனத்துக்கு மறுமொழியாக, ஒவ்வொரு நாளும் வழிபாட்டைச் சுற்றி அமைக்கப்பட்டது.

மரபுகள்

முழு உறுப்பினர்கள் மணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்தனர். இது புரொட்டஸ்டண்ட் சூழலில் பலருக்கு வியப்பளித்தது. மிஷனரி குடும்பம் என்பதே புரொட்டஸ்டண்ட் பணியின் அடிப்படை அலகாக இருந்த காலம் அது. இந்துச் சமூகத்தில் துறவிக்கு இருந்த மதிப்பு கிறிஸ்தவப் போதகருக்குக் கிடைக்காததற்கு அவரது வசதியான இல்வாழ்க்கை ஒரு காரணம் என்ற எண்ணம் அன்று பரவலாக இருந்தது.

உடை கதர். உணவு சைவம். தரையில் அமர்ந்து உண்பதும் தரையில் அமர்ந்து வழிபடுவதும் வழக்கம். தமிழ்க் கீர்த்தனைகளுக்கு வழிபாட்டில் முதன்மை இடம் தரப்பட்டது. பல சபைகளில் ஆங்கிலப் பாமாலைகளின் மொழிபெயர்ப்புகள் ஆர்மோனியம் அல்லது பியானோவுடன் பாடப்பட்டுவந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்க மாற்றம்.

சேர்ந்து உண்பது இன்று எளிய விஷயமாகத் தோன்றலாம். 1920களின் தமிழகத்தில் அது பெரும் அரசியல் பிரச்சினை. வ.வே.சு. ஐயர் 1922ல் சேரன்மாதேவியில் தொடங்கிய தமிழ்க் குருகுலத்தில் இரு பிராமண மாணவர்களுக்குத் தனியாக உணவு பரிமாறப்பட்டது. 1924–25ல் வெடித்த அப்பூசல் தமிழக அரசியலின் திசையை மாற்றிய நிகழ்வுகளில் ஒன்று. 1925ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த காஞ்சிபுரத்தில் நடந்த மாநாட்டில் ஈ.வெ. ராமசாமி காங்கிரஸை விட்டு விலகினார். ஆசிரமம் என்ற சொல்லே ஐயத்துக்கு உள்ளான அந்த ஆண்டுகளில், தனிப்பந்தி இல்லாத ஓர் ஆசிரமம் திருப்பத்தூரில் இயங்கியது.

ஜெபாலயம்

ஆசிரமத்தின் ஆலயம் 'ஜெபாலயம்' எனப்படுகிறது. 1930களின் முற்பகுதியில் திராவிடக் கோயில் கட்டிடக்கலை முறையில் எழுப்பப்பட்டது. கோபுரம், கல் தூண்கள், மண்டபம் ஆகியவை கொண்டது. சிலுவை அதன் கிறிஸ்தவ அடையாளம்.

அதுவரை தமிழகத்தின் பெரும்பாலான தேவாலயங்கள் ஐரோப்பிய முறையில் அமைந்தவை. மாமல்லபுரம் கடற்கரைக்குச் சற்று வடக்கே கோவளத்தில் ஜான் தெ மாண்டி என்ற போர்ச்சுகீசிய வணிகர் 1808ல் கட்டிய கார்மேல் மாதா ஆலயம் நன்கறியப்பட்டது. வணிகமும் கிறிஸ்தவமும் ஒரே கப்பலில் வந்திறங்கிய கடற்கரையின் ஆலயம் அது. மாமல்லபுரத்தில் தர்மராஜ ரதத்திலும் கடற்கரைக் கோயிலிலும் பல்லவச் சிற்பிகள் கல்லில் நிலைநிறுத்திய விமான வடிவம் பின்னர் ஆயிரத்தி இருநூறு ஆண்டுகள் தமிழ் நிலத்தின் வழிபாட்டு வடிவமாக வளர்ந்தது. அந்த மரபைச் சேர்ந்த கட்டிடம் ஒன்றைப் புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆலயமாகக் கட்டிக்கொண்டது ஜெபாலயத்தில்.

இன்னொரு கோணமும் இதற்கு உண்டு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தலித்துகளும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலை 8ல். அதே ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, கோபுரமும் மண்டபமும் கொண்ட ஒரு வழிபாட்டிடம் எவரும் நுழையத்தக்கதாகத் திருப்பத்தூரில் திறந்திருந்தது.

தேசிய இயக்கமும் 1932 நிகழ்வும்

ஆசிரமத்தினர் காந்தியின் மீது மதிப்பு கொண்டிருந்தனர். காந்தி 1915ல் கோச்ரபிலும் 1917ல் சபர்மதியிலும் அமைத்த ஆசிரமமும், தாகூரின் சாந்திநிகேதனும் அக்காலத்தின் முன்மாதிரிகள். கதர் ஆசிரமத்தாருக்கு எளிமையின் அடையாளம். ஆங்கிலேய அரசுக்கு அது காங்கிரஸின் சீருடை.

1932ல் சட்டமறுப்பு இயக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் சென்னையில் அந்நியத் துணிக்கடைகளின் முன் மறியல் நடந்துவந்தது. சென்னைக்கு வந்திருந்த பேட்டன் கதராடையுடன் மறியல் நடந்த தெருவில் நின்றார். மறியல்காரர்கள் மீது சாய நீரைப் பீய்ச்சி அடித்துத் தடியால் தாக்கிய போலீசார் அவரையும் தாக்கினர். அவர் கைது செய்யப்பட்டார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. இந்நிகழ்வு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக எழுப்பப்பட்டது.

இந்தியர்கள் நாள்தோறும் அனுபவித்த ஒன்றை ஓர் ஐரோப்பியர் அனுபவித்ததால்தான் அது நாடாளுமன்றம் வரை சென்றது. பேட்டன் உடையால் தம்பியாக இருந்தார். தடி விழும்வரை அது செல்லுபடியானது. அதன்பின் அவரது குடும்பமும் நாடும் தந்த பாதுகாப்பு வெளிப்பட்டது. சகோதரத்துவத்தின் உண்மையையும் எல்லையையும் ஒருசேரக் காட்டிய நிகழ்வு இது.

தாம்பரம் மாநாடும் ஆசிரமம் பற்றிய விவாதமும்

திருப்பத்தூருக்குப் பின் பல கிறிஸ்தவ ஆசிரமங்கள் தோன்றின. 1922ல் ஜாக் வின்ஸ்லோ கிறிஸ்த சேவா சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் மானுடவியலாளராகப் புகழ்பெற்ற வெரியர் எல்வின் அதில் இணைந்து இந்தியா வந்தவர். 1930ல் ஸ்டான்லி ஜோன்ஸ் இமயமலை அடிவாரத்தின் சாத்தாலில் ஆசிரமம் அமைத்தார்.

1937ல் ஏசுதாசன் இந்து, கிறிஸ்தவ ஆசிரமங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அதையொட்டி பி. செஞ்சையா, வி. சக்கரைச் செட்டியார் முதலியோர் இந்தியக் கிறிஸ்தவத்தை மறுசிந்தனை செய்யும் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டனர். மேற்கத்திய அமைப்பு கொண்ட திருச்சபை இந்திய மண்ணில் வேர்விடவில்லை என்பது அவர்களின் வாதம். ஆசிரமத்தை அவர்கள் திருச்சபைக்கு மாற்றான இந்திய வடிவமாகப் பார்த்தனர். கிறிஸ்துகுல ஆசிரமம் தன்னைத் திருச்சபைக்கு மாற்றாக எண்ணியதில்லை. சபைக்குள் இருந்தபடி சபைக்கு ஒரு முன்மாதிரியாக இருப்பதே அதன் நிலைபாடு.

விமர்சனங்கள்

கிறிஸ்துகுல ஆசிரமம் உள்ளிட்ட கிறிஸ்தவ ஆசிரமங்கள் மீது மூன்று விமர்சனங்கள் உள்ளன.

பொருளியல் சார்பு முதலாவது. பேட்டனின் குடும்பச் செல்வம் ஆசிரமத்துக்குத் துணையாக இருந்தது. எளிமையான வாழ்க்கைக்குப் பின்னால் ஸ்காட்லாந்து ஆலையின் லாபம் இருந்தது என்பது முரண். அச்செல்வத்தை அவர் தன் வசதிக்குப் பயன்படுத்தாமல் பொதுவாக்கினார் என்பது அதற்கான பதில்.

மணமின்மை என்ற விதி இரண்டாவது. அது உறுப்பினர் எண்ணிக்கையைச் சிறிதாகவே வைத்தது. குடும்பமாக வாழும் கிறிஸ்தவர்கள் மதிப்புடன் வந்து செல்லும் இடமாக ஆசிரமம் இருந்தது. அவர்கள் பின்பற்றத்தக்க வாழ்க்கை முறையாக அது ஆகவில்லை.

மூன்றாவது விமர்சனம் 1980களில் உருவான தலித் இறையியலிலிருந்து வந்தது. ஆசிரமம், சைவ உணவு, கோயில் வடிவம் ஆகியவை இந்தியப் பண்பாடு என்ற பெயரில் உயர்சாதிப் பண்பாட்டையே கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவந்தன என்று அது வாதிட்டது. ஆற்காடு, செங்கல்பட்டு பகுதிகளின் புரொட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களில் மிகப்பெரும்பான்மையினர் தலித்துகள். அவர்களின் முன்னோர் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள். அக்கோயிலின் வடிவத்தில் கட்டப்பட்ட ஆலயம் அவர்களுக்குத் தாயகமாகத் தோன்றுமா, பழைய அவமதிப்பை நினைவூட்டுமா என்ற கேள்வி எளிதில் தீர்வதல்ல. ஆண்ட்ரூவின் மிஷன் அவர்களுக்கு நிலம் பெற்றுத்தர முயன்றது, ஆனால் புரவலராகவே நின்றது. ஏசுதாசனும் பேட்டனும் சமமாக அமர்ந்தனர், ஆனால் நிலம் அவர்களின் களமாக இருக்கவில்லை. தமிழகக் கிறிஸ்தவத்தின் இருவேறு சேவை மரபுகள் இவை. ஒன்று மற்றதன் குறையைக் காட்டுகிறது.

வரலாற்று இடம்

1938ல் ஜார்ஜ் மக்லியாட் ஸ்காட்லாந்தில் அயோனா சமூகத்தைத் தொடங்கினார். கொலம்பாவின் பாழடைந்த மடத்தை மீட்டெடுத்து, வேலையற்ற தொழிலாளர்களும் இளம் போதகர்களும் சேர்ந்து உழைத்து ஜெபிக்கும் குழுவாக அது அமைந்தது. ஸ்காட்லாந்து சபையில் சகோதரர் குழு என்னும் கருத்து அவ்வாறு திரும்பி வந்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே ஒரு ஸ்காட்லாந்துக்காரர் அந்த வாழ்க்கையைத் திருப்பத்தூரில் ஒரு தமிழரின் தம்பியாகத் தொடங்கியிருந்தார்.

கத்தோலிக்கத் தரப்பில் 1950ல் ஜூல் மொன்சானினும் ஆன்ரி லெ சோவும் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தை நிறுவினர். 1968ல் பீட் க்ரிஃபித்ஸ் அதன் பொறுப்பை ஏற்றார். இன்று உலக அளவில் கிறிஸ்தவ ஆசிரமம் என்றதும் நினைவுக்கு வருவது சாந்திவனமே. சாந்திவனம் இந்து, கிறிஸ்தவ ஞான மரபுகளின் சந்திப்பைத் தேடியது. கிறிஸ்துகுலத்தின் அக்கறை அதைவிட அன்றாடமானது: யார் யாருடன் உண்கிறார்கள், யார் யாரை அண்ணன் என்று அழைக்கிறார்கள், நோயாளிக்கு யார் மருந்து தருகிறார்கள்.

ஏசுதாசன் 1969லும் பேட்டன் 1970லும் மறைந்தனர். 'பெரியண்ணன்', 'சின்னண்ணன்' என்னும் பெயர்களிலேயே தமிழ்க் கிறிஸ்தவ வரலாறு அவர்களை நினைவுகூர்கிறது.